நான்கு கோர்களைத் தூங்க விடுவது எப்படி

1

எங்கள் வீட்டு ரவுட்டரின் மேல் என் மகள் மயூரி ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறாள். "அம்மா, தொட வேண்டாம். இது வேலை செய்யுது." பதினாறு வயதில் அவள் தமிழில் எழுதிய மிக நீளமான கட்டுரை இதுதான்.

என் குற்றம் என்னவென்றால், வீட்டை விட்டு வெளியே போகும்போது ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். கூடவே மைக்ரோவேவ், தொலைக்காட்சி, மயூரியின் கொம்பியூட்டர். நோர்வேக்கு வந்து இந்த நவம்பரோடு பதினெட்டு வருடம். இத்தனை வருடமாகியும் இந்த நாட்டுச் சுவர்களோடு எனக்குச் சரிவரவில்லை. திருகோணமலையில் பிளக் செருகும் இடத்திலேயே சின்னச் சுவிச் ஒன்று இருக்கும். அறையை விட்டுப் போகிறவர் போகிற போக்கில் அதைத் தட்டிவிட்டுப் போவார். இங்கே சுவரில் இரண்டு துளைகள் மட்டும்தான். தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் பிடுங்குகிறேன்.

"என்ர வீட்டுப்பாடம் பாதியில போயிட்டுது," என்றாள் மயூரி. "நீங்கள் வீட்டில செய்யிறது உங்கட ஒபிசில ஆருக்கும் தெரியுமா?"

கேள்வி நியாயமானது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதே தொழிலாக உள்ள ஓர் ஆய்வுகூடத்தில்தான் எனக்குச் சம்பளம். இந்த வயர் பிடுங்கும் பழக்கம் வீட்டோடு நின்றிருந்தால் எழுத வேண்டிய தேவை இல்லை. அது கடல் கடந்து போய், திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் இருபத்துமூன்று பெண்களின் ஐஸ் அறையைக் கிட்டத்தட்ட மூட வைத்தது.

2

ஊரில் ஒரு சிறிய பத்திரிகைக்குப் பதினொரு வருடம் நிருபராக இருந்தேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல், கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டம், புல்மோட்டை பஸ் நேரம் ஆகியவை என் பகுதி. இங்கே த்ரொண்ட்ஹைம் நகரில் கையேடு எழுதுகிறேன். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். இங்கே தெரிந்தவரின் பெயர் லார்ஸ். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் பொறியியலாளர்.

அவரிடம் கேட்டு நான் விளங்கிக்கொண்டது இது. கொம்பியூட்டரின் மூளையைப் புரொசசர் என்கிறோம். முன்பு ஒரு புரொசசருக்குள் ஒரு மூளைதான். இப்போது நாலு, எட்டு என்று வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கோர். ஏன் பல? கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து மீன் பெட்டிகளைத் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே ஓடி ஓடித் தூக்கலாம். இருவர் நடந்து நடந்தும் தூக்கலாம். வேலை முடியும் நேரம் ஒன்றுதான். ஆனால் ஓடியவர் குடிக்கும் சோடா, நடந்த இருவரும் சேர்ந்து குடிப்பதை விட அதிகம். கோருக்கும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டினால் வோல்ற்றேஜையும் கூட்ட வேண்டும். வேகம் இரு மடங்காகும்போது மின்செலவு அதற்கும் மேலே போய்விடும்.

அதைவிடப் பெரிய சேமிப்பு, வேலை இல்லாத கோரைத் தூங்க விடுவது. ஆனால் எழுப்பவும் மின்சாரம் செலவாகும். தூங்கிய உடனே எழுப்பினால் நட்டம். ஆகவே அடுத்த வேலை எப்போது வரும் என்று ஊகித்துத்தான் தூங்கவைக்க வேண்டும். லார்ஸ் பன்னிரண்டு வருடமாக இந்த ஊகத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டிலும் அதே வேலைதான் என்பார்.

3

சென்ற வருடம் ஆய்வுகூடம் ஒரு பெட்டி செய்தது. பிஸ்கற் பெட்டி அளவு. உள்ளே நான்கு கோர் கொண்ட ஒரு புரொசசர், ஒரு கமரா. ஐஸ் அறையில் பூட்டிவிட்டால் வந்த மீனைப் படம் பிடித்து, இனம் பிரித்து, எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் குளிரூட்டியை அதற்கேற்ப ஓட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சோலர், ஒரே பற்றரி. வெப்பமான கடற்கரை ஒன்றில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் கையை உயர்த்தினேன். இந்த நாட்டுக் கூட்டங்களில் நான் கையை உயர்த்திய முதல் தடவை அது.

சல்லியில் என் அண்ணனின் மனைவி ரதி மச்சாள் மீனவப் பெண்கள் சங்கம் ஒன்றின் செயலாளர். எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நானும் மச்சாள்தான். சங்கத்துக்கு ஒரு சீமெந்து அறை இருந்தது, குளிர் இல்லை. வெயில் ஏறுவதற்குள் மீனை விற்றாக வேண்டும். லொறிக்காரர் சொன்னதுதான் விலை. ஒரு நாள், இரண்டு நாள் மீனை வைத்திருக்க முடிந்தால் அந்த இருபத்துமூன்று பேரும் விலை பேச வாய் திறக்கலாம். மச்சாள் கேட்டது அவ்வளவுதான்.

பெட்டி கொழும்புச் சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்தது. குளிர்சாதனமா, கொம்பியூட்டரா, கமராவா என்று ஒரு படிவத்தில் கேட்டார்கள். மூன்றும் என்று எழுதினோம். ஒன்றுக்குத்தான் புள்ளடி போடலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அண்ணா இரண்டு தடவை கொழும்புக்குப் போனார். மூன்றாம் தடவை, மீன் பார்க்கும் பெட்டி என்று வாயால் சொன்னார். அந்த அதிகாரி சிரித்துவிட்டு "மற்றவை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டாராம்.

தமிழ்க் கையேட்டை நானே எழுதினேன். ஊர்ப் பெண்கள் வாசிக்கப்போகும் கையேடு என்பதால் அகராதியைப் பார்த்துக் கோர் என்பதற்குக் 'கரு' என்று போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் மச்சாளின் தொலைபேசி அழைப்பு.

"நாலு கரு எண்டு போட்டிருக்கு. அவிக்கிறதோ, பொரிக்கிறதோ?"

கோர் என்றே மாற்றினேன். அப்போது அந்த ஒரு பிழைதான் இருந்ததாக நினைத்தேன்.

4

வெயில் காலம் முழுவதும் ஒரு முறைப்பாடும் இல்லை. மாரி மழை தொடங்கியதும் பற்றரி மத்தியானத்திலேயே படுத்துவிட்டது. ஒரு நாள் இரண்டு பெட்டி கும்பளா மீன் கெட்டுப்போனது.

"மச்சாள், உங்கட பெட்டி சரியான சாப்பாட்டுராமன்," என்றார் ரதி மச்சாள். "மீனுக்கு எண்டு வாற கறன்டைத் தானே திண்டு முடிக்குது. உங்கட ஆக்களுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ, இஞ்ச நாங்கள் பட்டினி கிடந்து அதை வளர்க்க ஏலாது."

திட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனம் கடிதம் அனுப்பியது. அடுத்த மாத முடிவுக்குள், வெயிலே இல்லாத ஒரு முழு மப்பு நாளைப் பற்றரி தாங்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்டி, சோலர், பற்றரி, குளிரூட்டி எல்லாம் கழற்றப்பட்டு வேறொரு நாட்டுக்குப் போகும். சல்லிக்கு மிஞ்சுவது பழைய சீமெந்து அறை.

பெட்டி தன் நாட்குறிப்பைத் தினமும் ஒரு தடவை எங்களுக்கு அனுப்பும். லார்ஸ் அதை வரைபடமாக்கித் திரையில் காட்டினார். தட்டையான கோட்டில் ஊசி நட்டது போலக் கூர்முனைகள். ஒரு நாளில் பத்தொன்பது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கோர்களும் மூன்று நிமிடம் உச்ச வேகத்தில் ஓடியிருக்கின்றன. அதற்கு முன் பெட்டி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொண்டதாகப் பதிவு. ஏன் மூடியது என்று பதிவு இல்லை. கோர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் தன் புரோகிராம்தான் எதையோ கண்டு பயந்து மூடித் திறக்கிறது என்று லார்ஸ் முடிவு செய்தார். மூன்று வாரம் இருந்து அதைத் திருத்தி எழுதிச் சல்லிக்கு அனுப்பினார். எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த அதே மாதிரிப் பெட்டி ஒரு கூர்முனையும் காட்டாமல் சமர்த்தாக இருந்தது. சல்லிப் பெட்டி மறுநாள் இருபத்தொன்று காட்டியது.

எனக்கு வரைபடம் வாசிக்க வராது. நேரம் வாசிக்க வரும். கூர்முனைகள் வந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். சல்லி நேரப்படி விடியலிலிருந்து பத்து மணி வரை நெருக்கமாக, பிறகு ஐதாக, பின்னேரம் மறுபடி நெருக்கமாக. புரோகிராமுக்குச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. இது ஆட்களின் நேரம்.

எனக்குக் காலை எட்டரை, மச்சாளுக்குப் பகல் ஒரு மணி. வீடியோவில் கூப்பிட்டேன். அவர் ஐஸ் அறைக்குள் நின்று கணவாய் மீன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். கதைத்தபடியே வெளியே வந்தார். வரும்போது இடது கை சுவரைத் தொட்டது.

"மச்சாள், இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? வெளியில வந்தனான்."

"கையால என்ன செய்தனீங்கள்?"

"சுவிச்சை நிப்பாட்டினனான். ஆள் இல்லாத அறையில கறன்டை எரிய விடலாமே?"

"எப்பவும் நிப்பாட்டுறனீங்களா?"

"ஓம். எல்லாரும்தான். ஆரும் மறந்தால் நான் விடமாட்டன். நேற்றும் பவானிக்கு நல்ல ஏச்சு." குரலில் பெருமை இருந்தது. "நீங்கள்தானே எழுதினனீங்கள். அஞ்சாம் பக்கம்."

ஆணியில் தொங்கிய பொலித்தீன் பையிலிருந்து கையேட்டை எடுத்தார். ஐந்தாம் பக்கத்தை விரித்து, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி வாசித்தார்.

"வேலை இல்லாதபோது பெட்டி தானாக ஓய்வெடுக்கும். மின்சாரத்தைச் சேமிக்க, அறையை விட்டு வெளியேறும்போது சுவிச்சை நிறுத்தவும்."

முதல் வாக்கியம் ஆங்கில மூலத்தில் உள்ளது. இரண்டாவது இல்லை.

அதை எழுதிய கணம் எனக்கு நினைவில்லை. அதுதான் விசேஷம். யோசித்து எழுதியிருந்தால் நினைவிருக்கும். என் கை சுவரைத் தட்டுவது போல அந்த வரியையும் தட்டிவிட்டுப் போயிருக்கிறது.

விளைவு என்னவென்றால், அந்தச் சுவிச் விளக்கோடு பெட்டியையும் நிறுத்தியது; குளிரூட்டிக்கு மட்டும் தனி வயர். தூங்கும் பெட்டியை எழுப்ப ஒரு சிட்டிகை மின்சாரம் போதும். முழுதாக நிறுத்திய பெட்டிக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. சுவிச்சைப் போட்டதும் சீலா மீன் எது, பாரை எது என்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று நிமிட ஓட்டம். அந்த ஓட்டத்தில் தின்ற மின்சாரத்தில் பெட்டி பல மணி நேரம் தூங்கியிருக்கலாம். இருபத்துமூன்று பெண்கள் ஒருவரை ஒருவர் கண்காணித்து, ஒரு தடவையும் தவறாமல், பற்றரியைக் காலி செய்திருக்கிறார்கள்.

5

இங்கே வேலையிடத்தில் தவறு நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள். படிவம்தான். "காரணம்" என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: மென்பொருள், பயனர், ஆவணம்.

பயனர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சுவிச்சை நிறுத்தியது பயனர்தான். தமிழ்க் கையேட்டை வாசிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். ஐந்தாம் பக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றி அனுப்பிவிடலாம். ஆனால் பணம் தரும் நிறுவனம் அந்தப் படிவத்தை வாசிக்கும். "பயனர்" என்று கண்டால், அந்த மக்களுக்குப் பெட்டியைப் பாவிக்கத் தெரியவில்லை என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடும்.

பத்திரிகையில் இருந்தபோது புல்மோட்டை பஸ் நேரத்தை ஒரு தடவை பிழையாகப் போட்டேன். ஆறே கால் என்பது ஏழே காலாகிவிட்டது. மறுநாள் கட்டைவிரல் அளவில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அதை வாசித்திருக்கமாட்டார்கள். திருத்தங்கள், பிழையாக எழுதியவரின் வசதிக்காக வருபவை என்று அன்றே தெரியும்.

நோர்வேஜிய மொழியில் அறிக்கையை எழுதி, எழுத்துப்பிழை பார்க்க மயூரியிடம் கொடுத்தேன். என் நோர்வேஜிய மொழியை அவள் வழக்கமாகச் சிரித்துக்கொண்டுதான் வாசிப்பாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அம்மா, இதில 'சிலவேளை' எண்டு நாலு தரம் இருக்கு."

"பணிவாய் எழுதினனான்."

"செய்தது நீங்கள்தானே? பிறகென்ன சிலவேளை? இதை வாசிச்சால் அந்த ஆன்ரிமார்தான் செய்தது மாதிரி இருக்கு."

பத்திரிகையில் என் பிரதியை இப்படி வெட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் இவ்வளவு சரியாக வெட்டியதில்லை. நான்கையும் எடுத்தேன். "ஆவணம்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். கீழே எழுதினேன்: மூலத்தில் இல்லாத ஒரு வரியைக் கையேட்டில் நான் சேர்த்தேன். பயனர்கள் கையேட்டை அப்படியே பின்பற்றினார்கள்.

லார்ஸ் அதை வாசித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார். வீணாய்ப் போன மூன்று வாரத்தை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சுவிச்சா?" என்றார்.

"ஆம்."

"சுவரிலேயே?"

"சுவரிலேயே."

"இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?"

யார் சொல்வது? எங்களுக்கு அது சுவர். அவருக்கும் அவருடையது சுவர்.

6

மாத முடிவுக்குப் பத்து நாள் இருந்தது. திருத்தம் இலேசானது என்று நினைத்தோம். சுவிச்சை நிறுத்தாதீர்கள் என்று சொன்னால் போதும். சொன்னேன். மறுநாள் கூர்முனை பதினான்கு.

"ஏலாது மச்சாள்," என்றார் ரதி மச்சாள். "கை தானாப் போகுது. பவானி சுவிச்சைச் சுத்தித் துணி கட்டி வைச்சவ."

"நல்லது. பிறகு?"

"பிறகென்ன, போகேக்க துணியை அவிட்டு நிப்பாட்டிப்போட்டுத் திரும்பக் கட்டினவ. கட்டினது ஆர் எண்டு கேட்டால் நான்தான் எண்டு சிரிக்கிறா."

நான் இதை லார்ஸிடம் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண் துண்டை மேசையில் வைத்தார்.

"எப்போது நிறுத்துகிறார்கள்?"

"அறையை விட்டுப் போகும்போது."

"ஒவ்வொரு தடவையும்?"

"மறந்தால் மச்சாள் ஏசுவார்."

"திரும்பி வரும்போது போடுகிறார்கள்?"

"போடாமல் வெளிச்சம் ஏது?"

அவர் எழுந்து வெண்பலகைக்குப் போனார். போகும் வழியில் சொன்னதை இங்கே சுருக்குகிறேன். அடுத்த வேலை எப்போது வரும் என்று பன்னிரண்டு வருடமாக அவர் ஊகிக்கிறார். சல்லியில் இருபத்துமூன்று பேர் ஒரு நாளில் இருபது தடவை, இனி வேலை இல்லை, இதோ வேலை வருகிறது என்று சுவரில் தட்டிச் சொல்கிறார்கள். ஊகிக்கத் தேவையே இல்லை. கேட்டால் போதும்.

பெட்டிக்குள் சிறிய பற்றரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. வெளி மின்சாரம் நின்றால் ஒழுங்காக மூடிக்கொள்வதற்கான ஒரு நிமிட உதவி அது. லார்ஸ் புரோகிராமை மாற்றினார். இனி சுவிச் நின்றால் பெட்டி தன்னை மூடாது. மூன்று கோர்களை முழுதாக அணைத்து, நான்காவதை அரைத்தூக்கத்தில் விட்டு, அந்தச் சிறிய பற்றரியில் கிடக்கும். அரைத்தூக்கத்தில் இருக்கும் கோர் குளிரை மட்டும் பார்த்துக்கொள்ளும். அவ்வளவு குறைந்த வேலைக்கு அந்தச் சிறிய பற்றரி பல மணி நேரம் தாங்கும். சுவிச்சைப் போட்டால் நான்கும் கண் விழிக்கும். மீன்களை அவற்றுக்கு ஞாபகம் இருக்கும்.

புதிய புரோகிராம் தொலைபேசி வழியாகச் சல்லிக்குப் போனது. இனித் தாராளமாக நிறுத்தலாம் என்று மச்சாளிடம் சொன்னேன்.

"முடிவாச் சொல்லுங்கோ," என்றார். "போன கிழமை நிப்பாட்டாதே எண்டீங்கள். இப்ப நிப்பாட்டு எண்டுறீங்கள். அரசாங்கத்தை விட மோசமாய்க் கிடக்கு."

7

மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்கையில் சல்லியில் மழை பிடித்தது. ஒரு மப்பு நாள் கேட்டவர்களுக்கு மூன்று கிடைத்தன. முதல் நாள் வரைபடத்தில் ஊசிகள் இருந்த இடத்தில் சின்ன மேடுகள். இரண்டாம் நாள் பற்றரி பாதிக்கு மேல் இருந்தது. லார்ஸ் ஆய்வுகூடப் பெட்டியின் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சல்லிப் பெட்டி அதை விடக் குறைவாகச் செலவழித்திருந்தது. ஆய்வுகூடப் பெட்டியை யாரும் நிறுத்துவதில்லை. பாவம், அது இன்னும் ஊகித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் நிறுவனத்தின் கடிதம் வந்தது. பரீட்சை இன்னும் இரண்டு வருடம் தொடரும். அதைச் சொல்ல மச்சாளைக் கூப்பிட்டேன். கூரைத் தகரத்தில் மழை. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்டையும் கழட்டமாட்டினம், மச்சாள். ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமோ?" என்றார். உடனே திரும்பி உள்ளே யாருக்கோ கூவினார். "பவானி, ரெண்டு வருசமாம்!" பெண்கள் சிரிக்கும் சத்தம். அதற்குள் வெளியே லொறி ஹோர்ன் இரண்டு தடவை அடித்தது. மீன் வாங்கக் கிண்ணியாவிலிருந்து வரும் லொறிக்காரர் நசீர் நானாவாக இருக்க வேண்டும். குரல் மழைக்கு மேலால் கேட்டது.

"என்ன தங்கச்சி, மழை வலுக்குது. லொறிய எவ்வளவு நேரம் போட்டு வெக்கிற? மீனத் தாறீங்களா, இல்லையா?"

மச்சாள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார்.

"மீனுக்கு ஒரு அவசரமும் இல்லை, நானா. நீங்கள் உள்ளுக்கு வந்து அந்தக் கதிரையில இருங்கோ. நான் கதைச்சு முடிச்சிட்டு வாறன்."